கண்ணைப் பார்த்துவிட்டு மருந்தை எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் விவசாயப் பக்கத்தில் போன வாரம் ஒரு வாசகர், நாட்டுக்கோழிகள் மெலிந்துகொண்டே போகின்றன, கொண்டை வெளுக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். பதில் இரண்டே வரி. மாதம் ஒருமுறை எல்லாக் கோழிகளுக்கும் குடற்புழு நீக்க மருந்து கொடுங்கள், வீட்டில் ஆடு இருந்தால் அவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். படித்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். கால்நடை ஆய்வாளராக 31 வருடம் ஊர் ஊராகப் போய் மருந்து ஊற்றியவன் நான். ஓய்வு பெற்றபின் 18 வெள்ளாடும் முப்பது சொச்சம் கோழியும் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறேன். நீங்கள் போட்ட அதே இரண்டு வரியைத்தான் நானும் அந்த 31 வருடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், அதனால் உங்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், குறையில் பாதி என்னுடையது.

பத்து நாளைக்கு முன்னால் எதிர்வீட்டு மருமகப் பெண் கையில் கிண்ணத்தோடு ஓடி வந்தது. "மாமா, முட்டைக்குள்ள பாம்புக்குட்டி இருக்கு, வந்து பாருங்க." தோசைக்கல்லில் ஊற்றுவதற்காக உடைத்த முட்டை. வெள்ளைக்கருவுக்குள் சுருண்டு கிடந்தது ஒரு புழு, இடியாப்ப இழை மாதிரி வெளுப்பாக, ஈர்க்குச்சியால் நீட்டிப் பார்த்தால் என் நடுவிரல் அளவு இருந்தது. பாம்பும் இல்லை, செய்வினையும் இல்லை, கோழிக் குடலில் குடியிருக்கும் உருண்டைப்புழு. அஸ்காரிடியா கல்லி என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். கோழிக்கு எச்சத்துக்கும் முட்டைக்கும் வாசல் ஒன்றுதான், குடலிலிருந்து இறங்குகிற புழு எப்போதாவது வழி தவறி முட்டைக்குழாய்க்குள் ஏறிவிடும், அங்கே வெள்ளைக்கருவும் ஓடும் சுற்றும்போது புழுவையும் சேர்த்து வைத்து மூடிவிடும். அபூர்வம்தான், ஆனால் பல நாடுகளில் பதிவான விஷயம். மனிதனுக்கு இந்தப் புழு ஒட்டாது என்று சொன்னேன். சொல்லி என்ன, அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் முட்டையைத் தொடவில்லை.

"எல்லாக் கோழிக்கும் மருந்து கொடுத்துரலாமா மாமா?" என்று கேட்டது. நான், இது எந்தக் கோழி போட்ட முட்டை என்று திருப்பிக் கேட்டேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. இந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும் என்று எனக்கே புத்தி வர முப்பது வருடம் ஆயிற்று. வந்ததற்குக் காரணம் ஒரு வெளிநாட்டுப் பறவையும் அதன் புழுவை எண்ணிக்கொண்டிருந்த ஒரு விஞ்ஞானியும்.

என் மகள் கால்நடை மருத்துவம் படித்த காலத்தில் ஒட்டுண்ணியியல் பாடத்தை என்னிடம் ஒப்பிப்பாள், நானும் பாதி புரிந்து பாதி புரியாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்போது காதில் விழுந்த பெயர் பீட்டர் ஹட்சன். வட இங்கிலாந்தின் மேட்டுப் பொட்டல்களில் கிரௌஸ் என்றொரு பறவை உண்டு, நம் ஊர்க் கவுதாரியைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. ஹெதர் என்கிற குட்டைச் செடியின் கொழுந்தைத் தின்றே வாழும். அங்கே இருக்கும் பிரபுக்களுக்கு ஆகஸ்ட் 12 பிறந்தால் துப்பாக்கியோடு இதைச் சுடக் கிளம்புவது ஒரு திருவிழா. ஆனால் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை, சில இடங்களில் ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை, பறவைகள் திடீரென்று கூட்டம் கூட்டமாகச் செத்து எண்ணிக்கை அதலபாதாளத்துக்குப் போய்விடும். சுடுவதற்குப் பறவை இல்லை என்றால் பிரபுக்கள் சும்மா இருப்பார்களா, விசாரணைக் குழு போட்டுவிட்டார்கள். நம் ஊரில் ஆடு சாகும்போது இவ்வளவு வேகமாக யாராவது குழு போட்டதாக எனக்கு நினைவில்லை, சரி, அது வேறு கதை.

1905-ல் தொடங்கிய அந்த விசாரணையில் களத்தில் இறங்கி வேலை பார்த்தவர் எட்வர்ட் வில்சன். மருத்துவர், ஓவியர், பறவைப் பித்தர். ஏறக்குறைய 2000 கிரௌஸ்களைத் தன் கையால் அறுத்துப் பார்த்தார். கோழி அறுத்துச் சுத்தம் செய்தவர்களுக்குத் தெரியும், குடலோடு ஒட்டி இரண்டு வால் போலத் தொங்கும், அதைக் குருட்டுக்குடல் என்பார்கள். கிரௌஸுக்கு அந்த இரண்டும் ரொம்ப நீளம், நார்ச்செடியைத் தின்கிற பறவை ஆயிற்றே. அதற்குள்தான் மயிரிழை போன்ற ஓர் உருண்டைப்புழு ஆயிரக்கணக்கில் நெளிந்துகொண்டிருந்தது. வளர்ந்த பறவைகள் சாவதற்கு முக்கியக் காரணம் இந்தப் புழுதான் என்று குழுவின் அறிக்கை 1911-ல் வெளிவந்தபோது வில்சன் அதைக் கையில் வைத்துப் பார்க்க ஊரில் இல்லை. ஸ்காட் என்ற தளபதியோடு தென்துருவப் பயணம் போயிருந்தார். துருவத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும் வழியில் 1912-ல் பனிப்புயலில் ஸ்காட்டோடு கூடாரத்துக்குள்ளேயே இறந்துபோனார். அந்தத் துருவப் பயணக் கதை பள்ளிக்கூடப் பாடத்தில் வருவதுண்டு. அதற்கு முன்னால் இந்த மனிதர் ஐந்து வருடம் பறவைக் குடலைக் கீறிக்கொண்டிருந்தார் என்பதை எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஹட்சன் வந்தது அதற்கு எழுபது எண்பது வருடம் கழித்து. புழு கொல்கிறது என்பது ஏற்கெனவே தெரியும். அவர் கேட்டது வேறு கேள்வி: பறவைக் கூட்டம் ஏறி ஏறி விழுவதற்கே இந்தப் புழுதான் காரணமா? புழு இருக்கும் பறவை உடனே செத்துவிடுவதில்லை, முட்டை குறையும், குஞ்சு குறையும், உடம்பு தளரும். பறவைகள் பெருகினால் எச்சம் பெருகும், எச்சம் பெருகினால் ஈரத்தில் பொரிக்கும் புழுக்குஞ்சுகள் ஹெதர் கொழுந்தில் ஏறி உட்காரும், அதைத் தின்னும் பறவை இன்னும் புழுவைச் சேர்க்கும், ஒரு கட்டத்தில் மொத்தமும் சரியும். இது உண்மையா என்று பார்க்க ஒரே வழி, புழுவை எடுத்துவிட்டுப் பார்ப்பது. ஹட்சனும் அவருடைய சகாக்கள் டாப்சன், நியூபார்ன் இருவரும் அதைத்தான் செய்தார்கள். ஆறு இடங்களை எடுத்துக்கொண்டார்கள். இரண்டில் 1989-லும் 1993-லும் மருந்து, இரண்டில் 1989-ல் மட்டும், மீதி இரண்டில் ஒன்றும் கொடுக்காமல் சும்மா கவனித்தார்கள். ராத்திரியில் விளக்கடித்து வலை போட்டு ஆயிரக்கணக்கில் பறவைகளைப் பிடித்து ஒவ்வொன்றின் வாயிலும் மருந்து ஊற்றி விட்டிருக்கிறார்கள். பட்டிக்குள் கட்டியிருக்கும் ஆட்டைப் பிடித்து வாயைத் திறப்பதற்கே நமக்கு முழங்கை வலிக்கும், காட்டுப் பறவையை இருட்டில் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். அந்த மருந்து என்ன தெரியுமா, லெவமிசோல். என் மருந்துப் பெட்டியில் இருந்த அதே லெவமிசோல்தான்.

மருந்து கொடுத்த இடங்களில் சரிவு பெரிதாக வரவில்லை, கொடுக்காத இடங்களில் வழக்கம்போல விழுந்தது. 1998-ல் கட்டுரை வந்தது. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். சரிவின் ஆழம்தான் குறைந்திருக்கிறது, ஏற்ற இறக்கம் நின்றுபோகவில்லை என்று ஒரு கூட்டம் சொன்னது. சேவல்கள் இடத்துக்காகப் போடும் சண்டைதான் முக்கியக் காரணம் என்று வேறு ஆய்வாளர்கள் 2003-ல் சோதனை செய்து காட்டினார்கள். புழு, சண்டை இரண்டுக்கும் பங்கு உண்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எனக்குப் பிடித்த விஷயம் ஹட்சனுடைய இன்னொரு சோதனை. அடைகாக்கும் பெட்டை வழக்கமாக வாசனையை அடக்கிக்கொள்ளும், குருட்டுக்குடலிலிருந்து வரும் நாற்றமடிக்கும் எச்சத்தை அந்த நாட்களில் நிறுத்தியேவிடும், நரி மோப்பம் பிடிக்கக்கூடாது இல்லையா. புழு அதிகமான பெட்டையால் அது முடிவதில்லை போலிருக்கிறது. பழக்கிய நாய்களை விட்டுத் தேடச் சொன்னால் மருந்து கொடுத்த பெட்டைகளைக் கண்டுபிடிக்கத் திணறின, கொடுக்காதவற்றைச் சுலபமாகக் கண்டுபிடித்தன. நரி தின்றது என்று கணக்கில் எழுதுகிறோம், அந்த நரிக்கு வழி காட்டியது வயிற்றுக்குள் இருந்த புழு.

இதெல்லாம் நம் ஊருக்கு எதற்கு என்று கேட்பீர்கள். இங்கேதான் விஷயம். மருந்து கொடுப்பதற்கு முன்னால் அவர்கள் எண்ணினார்கள். எந்தப் பறவையில் எத்தனை புழு என்று ஒவ்வொன்றாக எண்ணியபோது தெரிந்தது, கிரௌஸில் இந்தப் புழு ஓரளவு பரவலாகவே இருக்கிறது, கிட்டத்தட்ட எல்லாப் பறவையும் சுமக்கிறது. இது வழக்கத்துக்கு மாறானது. பெரும்பாலான உருண்டைப்புழுக்கள் அப்படிப் பரவுவதில்லை, மந்தையில் சில உருப்படிகளில் குவிந்துகொள்ளும், மீதிக்குக் கொஞ்சம்தான் இருக்கும். புழு இப்படிக் குவிந்திருந்தால் கூட்டம் நிலையாக நிற்கும், பரவலாக இருந்து இனப்பெருக்கத்தையும் கெடுத்தால் கூட்டம் ஆட்டம் காணும் என்று 1978-லேயே ஆண்டர்சன், மே என்ற இருவர் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். ஆக, எல்லாவற்றுக்கும் மருந்து கொடு என்பது கிரௌஸுக்குப் பொருந்தலாம். நம் வெள்ளாட்டுக்கு அப்படிப் பொருந்தாது. ஆட்டு மந்தையில் இருபது முப்பது சதவீத உருப்படிகள்தான் மொத்தப் புழுவில் எண்பது சதவீதத்தைச் சுமக்கின்றன என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஊரில் நாலு வீடு மட்டும் கடனில் மூழ்கிக் கிடக்கும்போது தெருவில் எல்லாருக்கும் ஜப்தி நோட்டீஸ் ஒட்டினால் எப்படியோ அப்படித்தான் மாதம் ஒருமுறை எல்லாவற்றுக்கும் மருந்து என்பதும்.

நோட்டீஸ் ஒட்டினவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலையில் இருந்தபோது ஒரு ஐப்பசி கார்த்திகை, மழை விடாமல் பெய்த வருடம். ஒரு பாட்டியின் ஆடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கழிச்சல் பெரிதாக இல்லை, ஆனால் கீழ்த்தாடையில் நீர் கோத்துப் பை மாதிரி தொங்கும், அமுக்கினால் குழி விழும், நாலு அடி நடந்தால் உட்கார்ந்துவிடும். நான் அல்பெண்டசோல் ஊற்றினேன். மூன்று வாரம் கழித்து மறுபடி ஊற்றினேன். பத்து நாளில் இன்னொன்று செத்தது. அதை அறுத்து நாலாவது இரைப்பையைக் கீறினேன். உள்சுவர் முழுக்கச் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல்போலப் புழுக்கள், ஒரு அங்குலம் இருக்கும், வெளிச்சம் பட்டதும் நெளிந்தன. சிவப்பு என்பது அது குடித்த ரத்தம், வெள்ளை அதன் சூல்பை, இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும். ஹீமாங்கஸ் என்று பெயர். ஒரு புழு நாளொன்றுக்கு 0.05 மில்லி ரத்தம் உறிஞ்சும், ஆயிரம் புழு இருந்தால் டீக்கடை கிளாசில் அரை கிளாஸ் தினமும் போகும். ஒரு பெண்புழு ஒரு நாளைக்கு 5000-லிருந்து 10,000 முட்டை வரை போடும், எல்லாம் புழுக்கையோடு மேய்ச்சல் நிலத்துக்குப் போகும். பாட்டி குனிந்து பார்த்துவிட்டு, "நீ குடுத்த மருந்த குடிச்சப்புறமும் இதுக இந்த ஆட்டம் ஆடுதே தம்பி" என்றது. நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

பிற்பாடு யோசித்தபோது புரிந்தது. வருடக்கணக்காக அதே மருந்து, அதுவும் கண்ணளவில் எடை போட்டு. செம்மறிக்குச் சொன்ன அளவையே வெள்ளாட்டுக்கும் ஊற்றுவோம், வெள்ளாட்டின் உடம்பு இந்த மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடும், அதற்குக் கூடுதல் அளவு வேண்டும் என்பதுகூட அன்றைக்கு எனக்குத் தெரியாது. அரைகுறை மருந்தில் பலவீனமான புழு சாகும், தாக்குப்பிடிக்கிற புழு பிழைத்து அதுவே பெருகும். எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் கொடுத்தால் மேய்ச்சல் நிலத்தில் அடுத்து விழுகிற முட்டை முழுக்கத் தப்பிப் பிழைத்த புழுவின் முட்டைதான். நாலு ஆட்டுக்குக் கொடுக்காமல் விட்டால் மருந்து பார்க்காத சாதாரணப் புழுக்களின் முட்டையும் நிலத்தில் விழும், இரண்டும் கலக்கும், மருந்துக்கு அடங்காத வகை தனிக்காட்டு ராஜா ஆகாது. கொஞ்சம் புழுவை வேண்டுமென்றே விட்டுவைப்பது என்பதை முதலில் கேட்டபோது எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

மருந்துகளின் ஆயுசைப் பாருங்கள். தயாபெண்டசோல் 1961-ல் வந்தது, 1964-லேயே அமெரிக்காவில் அதற்கு அடங்காத ஹீமாங்கஸைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அப்புறம் ஐவர்மெக்டின். ஜப்பானில் சதோஷி ஓமுரா ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்தில் எடுத்த மண்ணிலிருந்து வளர்த்த நுண்ணுயிரை, அமெரிக்காவில் வில்லியம் காம்பெல் குழுவினர் புழு ஏற்றிய எலிகளில் சோதித்துப் பிறந்த மருந்து. அயர்லாந்துக்காரரான காம்பெல் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்ததே ஈரல் தட்டைப்புழு, வாழ்நாள் முழுக்க ஒட்டுண்ணியோடு கிடந்தவர், புழுக்களை ஓவியமாகவும் வரைவாராம். ஆப்பிரிக்காவில் ஆற்றங்கரை ஈக்கடியால் பரவும் புழுநோயில் கண் போனவர்களின் ஊர்களுக்கு 1987-லிருந்து இந்த மருந்து இலவசமாகப் போகிறது, 2015-ல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் கால்நடைக்கு விற்பனைக்கு வந்தது 1981, தென்னாப்பிரிக்க ஆடுகளில் அதற்கும் அடங்காத ஹீமாங்கஸ் பதிவானது 1987. ஆறே வருடம். தமிழ்நாட்டு ஆடுகளிலும் அல்பெண்டசோல் குடும்பத்து மருந்துகளுக்கு எதிர்ப்பு பதிவாகியிருக்கிறது. நோபல் வாங்கிய மருந்தையே ஆறு வருடத்தில் தோற்கடித்த புழுவிடம் நாம் மாதம் ஒருமுறை மோதிப் பார்க்கலாம் என்கிறோம்.

அடி வாங்கிய தென்னாப்பிரிக்காக்காரர்கள்தான் வழியும் கண்டுபிடித்தார்கள். ஃபஃபா மாலன் என்ற கால்நடை மருத்துவரின் பெயரால் ஃபமாச்சா என்று ஒரு வண்ண அட்டை. ஆட்டின் கீழ் இமையை விரலால் மெல்ல இறக்கி உள்தோலின் நிறத்தை அட்டையோடு ஒப்பிடவேண்டும். ரத்தச் சிவப்பிலிருந்து காகித வெள்ளை வரை ஐந்து படி. முதல் இரண்டு படிக்கு மருந்து வேண்டாம், கடைசி இரண்டுக்குக் கட்டாயம், நடுவில் இருப்பது குட்டியா சினையா என்று பார்த்து முடிவு செய்யவேண்டும். ரத்தம் குடிக்கும் புழுவுக்குத்தான் இது உதவும், மற்ற புழுவுக்குப் புழுக்கையைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய் முட்டை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லவேண்டும். தட்டைப்புழுவாலும் உண்ணியாலும்கூட இமை வெளுக்கும், அதையும் மறந்துவிடக்கூடாது. தயவுசெய்து இந்தக் கடிதத்தோடு அந்த அட்டையை அச்சடித்துவிடாதீர்கள். உங்கள் அச்சகத்து மையில் சிவப்பு என்பது திங்கட்கிழமை ஒரு நிறம், வியாழக்கிழமை ஒரு நிறம், அதைப் பார்த்து மருந்து கொடுத்தால் வம்பாகிவிடும்.

கோழிக்கு இமை பார்க்க முடியாது. ஆனால் அங்கேயும் எல்லாம் ஒன்றில்லை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குஞ்சுகளைத்தான் உருண்டைப்புழு அதிகம் வாட்டும், வயதான கோழி ஓரளவு தாங்கிக்கொள்ளும். எச்சத்தோடு விழும் புழுமுட்டை ஈரத்தில் பத்திருபது நாள் கிடந்தால்தான் தொற்றும் பக்குவத்துக்கு வரும், கூட்டுத் தரையை அதற்குள் கூட்டி அள்ளிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இதை உங்கள் பதிலில் ஒரு வரி சேர்த்திருக்கலாம், அதற்குக் காசும் இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். மாதம் ஒருமுறை எல்லாவற்றுக்கும் என்று இனிமேல் போடாதீர்கள். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இமையைப் பாருங்கள், பனி உலர்ந்தபிறகு மேய்ச்சலுக்கு விடுங்கள், மருந்தை எடை பார்த்துக் கொடுங்கள், ஆரம்பச் சினையில் அல்பெண்டசோல் ஆகாது என்று போடுங்கள். இடம் இருந்தால் வில்சனைப் பற்றியும் ஹட்சனைப் பற்றியும் உங்கள் ஞாயிற்றுக்கிழமை இதழில் யாரையாவது எழுதச் சொல்லுங்கள், நான் எழுதினால் இப்படித்தான் நீண்டுவிடும்.

இன்று காலை என் 18 ஆட்டின் இமையையும் இறக்கிப் பார்த்தேன், மூன்றுக்கு மட்டும் மருந்து ஊற்றினேன். அதில் ஒன்று போன தடவையும் வாங்கிய அதே கறுப்புப் பெட்டை, இந்த ஆடியில் அதை விற்றுவிடலாம் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.

பி.கு.: எதிர்வீட்டில் அந்த முட்டை எந்தக் கோழி போட்டது என்று இதுவரை தெரியவில்லை. தெரியும்வரை அந்த வீட்டு முட்டை முழுக்க எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது, நாங்கள் உடைத்துப் பார்த்துச் சாப்பிடுகிறோம்.